பழைய வைர நகைகளில் கற்சேத மதிப்பீடும் சீரமைப்பும்

பழைய வைர நகைகளில் கற்சேத மதிப்பீடும் சீரமைப்பும் என்பது, பல்லாண்டுக் காலம் அணியப்பட்ட நகைகளில் பதிக்கப்பட்டுள்ள வைரக் கற்களின் சிதைவுகளை இனங்காணுதல், அவற்றின் அளவையும் காரணத்தையும் அறிதல், ஏற்ற முறையில் சீர்செய்தல் ஆகிய பணிகளைக் குறிக்கும். பொதுவாக நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நகைகளே தொன்மை நகைகள் எனப்படுகின்றன. எனினும் பாட்டி, கொள்ளுப்பாட்டி காலத்திலிருந்து குடும்பங்களில் கைமாறி வரும் தோடு, மூக்குத்தி, அட்டிகை, பதக்கம் முதலியவற்றுக்கும் இம்முறைகள் பொருந்தும்.

பொன் தேய்ந்தாலும் உடைந்தாலும் அதனை உருக்கிப் புதிதாக வார்க்கலாம். வைரத்தில் அவ்வாறு செய்ய இயலாது. அதிலிருந்து தேய்த்து நீக்கப்பட்ட பகுதி மீண்டும் சேராது. ஆகவே இத்துறையில் சீரமைப்பைவிட, அதற்கு முன் செய்யப்படும் மதிப்பீடே முதன்மையானதாகக் கருதப்படுகிறது.

வரலாறு

கல்லின் குறைகளை ஆராய்ந்து பதிவு செய்யும் வழக்கம் தமிழகத்துக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடை வீதியை விவரிக்கும்போது, வைரத்துக்குரிய நால்வகைக் குற்றங்களைக் குறிப்பிடுகிறது. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்கிதையிலும் வைரச் சோதனைக்குத் தனி இயல் உள்ளது.

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் (ஆட்சிக்காலம் 985 - 1014) காலக் கல்வெட்டுக்கள் இவ்வகையில் சிறப்பானவை. கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஒவ்வொரு நகையிலும் உள்ள வைரம், மாணிக்கம், முத்து ஆகியவற்றின் எண்ணிக்கையும், நகையின் எடையும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. பொன்னை எடையிட ஆடவல்லான் என்னும் எடைக்கல்லும், மணிகள் பதித்த நகைகளை எடையிட தட்சிணமேரு விடங்கன் என்னும் எடைக்கல்லும் பயன்பட்டன. வைரங்களைக் குறிக்குமிடங்களில் கறையுடையவை, முறிவுடையவை, செம்புள்ளி உடையவை, கரும்புள்ளி உடையவை, வெந்தவை ஆகியனவும் அவ்வெண்ணிக்கையில் அடங்கும் எனக் கூறப்படுகிறது. கொடையாகப் பெற்ற நகையின் குறைகளையும் மறைக்காமல் கல்லில் வெட்டி வைத்த இம்முறையை, இன்றைய நகை நிலை அறிக்கையின் முன்னோடி எனலாம். தற்காலத்தில் தமிழ்நாடு இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டிலுள்ள கோயில்களின் நகைகளைச் சரிபார்ப்பதற்கு அத்துறையில் தனி அலுவலர்கள் உள்ளனர்.

பழைய நகைகளில் காணப்படும் வைரங்கள்

1720களில் பிரேசிலில் வைரம் கண்டறியப்படும் வரை உலகின் வைரங்களில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே கிடைத்தது. 1867ஆம் ஆண்டுக்குப் பின்னர் தென்னாப்பிரிக்க வைரங்கள் சந்தைக்கு வந்தன. எனவே ஒரு நகையிலுள்ள கற்களின் மூலமும், அவை பட்டை தீட்டப்பட்ட முறையும் நகையின் காலத்துக்கேற்ப வேறுபடும். பழைய நகைகளில் பின்வரும் வடிவங்களைக் காணலாம்:

- தட்டை வைரம்: இயற்கை வடிவம் பெரிதும் மாறாமல் மெல்லிய தகடு போல் இருக்கும்.
- ரோசா வெட்டு: அடிப்பகுதி தட்டையாகவும், மேற்பகுதி முக்கோணப் பட்டைகளுடன் குவிந்தும் இருக்கும்.
- பழைய சுரங்க வெட்டு: மூலைகள் மழுங்கிய சதுர வடிவம், உயர்ந்த மேற்பகுதி, தட்டையாக வெட்டப்பட்ட பெரிய கீழ்முனை ஆகியவற்றைக் கொண்டது.
- பழைய ஐரோப்பிய வெட்டு: மேற்கூறியதன் வட்ட வடிவ வளர்ச்சி ஆகும்.

இன்று பரவலாக உள்ள 57 அல்லது 58 பட்டைகள் கொண்ட வட்ட வெட்டு, மார்செல் தோல்கோவ்சுகி என்பவர் 1919இல் வெளியிட்ட கணக்கீடுகளுக்குப் பின்னர் நிலைபெற்றதாகும்.

தமிழ்க் குடும்பங்களில் புகழ்பெற்ற ப்ளூ ஜாகர் வைரத்தின் பெயர், தென்னாப்பிரிக்காவின் ஜாகர்சுபொன்டெயின் சுரங்கத்திலிருந்து வந்தது. இச்சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. இக்கற்கள் பகலொளியில் காட்டும் மெல்லிய நீலச் சாயலுக்கு, அவற்றின் வலுவான ஒளிர்வுத் தன்மையே காரணமாகும். புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் இவை தெளிவாக நீலநிறத்தில் ஒளிரும். இந்நீலச் சாயல் ஒரு சேதம் அன்று.

பதிக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. திறந்த பதிப்பில் கல்லின் பின்புறம் வெளியே தெரியும். மூடிய பதிப்பில் கல்லின் பின்புறம் பொன்னால் மூடப்பட்டு, கல்லுக்கு அடியில் ஒளியைத் திருப்பி அனுப்ப மெல்லிய வெள்ளித் தகடு வைக்கப்பட்டிருக்கும். உள்ளீடற்ற நகைகளில் அரக்கு நிரப்புவதும் உண்டு.

சேதத்திற்கான காரணங்கள்

வைரம் உடையாது என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது கடினத்தன்மை, உறுதித்தன்மை என்னும் இரு வேறு பண்புகளை ஒன்றாகக் கருதுவதால் எழுந்ததாகும். கடினத்தன்மை என்பது கீறலைத் தாங்கும் பண்பு. மோவின் அளவுகோலில் வைரத்தின் மதிப்பு 10 ஆகும். எனவே வைரத்தை வைரமே கீறும். உறுதித்தன்மை என்பது அடியைத் தாங்கும் பண்பு. வைரப் படிகத்தில் நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் உள்ளன. இத்திசைகளில் ஒன்றில் கூர்மையான அடி விழுந்தால், கல் தெறிக்கவோ பிளக்கவோ கூடும். கல்லின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் சந்திக்கும் நடுவிளிம்பு பழைய வெட்டுக்களில் மிக மெல்லியதாக இருப்பதால், பெரும்பாலான தெறிப்புகள் அங்கேயே ஏற்படுகின்றன.

பல வைர நகைகளை ஒரே பெட்டியில் இட்டு வைப்பது மற்றொரு காரணம். கற்கள் ஒன்றோடொன்று உரசுவதால் பட்டைகளின் விளிம்புகள் மழுங்குகின்றன.

மூன்றாவது காரணம் வெப்பம். வைரம் கரிமத்தின் ஒரு வடிவம் ஆதலால், காற்றில் ஏறத்தாழ 700 முதல் 850 பாகை செல்சியசு வெப்பநிலையில் அதன் மேற்பரப்பு எரியத் தொடங்குகிறது. பொற்கொல்லரின் ஊதுகுழல் தீ இவ்வெப்பத்தை எளிதில் எட்டும். அவ்வாறு வெந்த கல்லின் மீது வெண்படலம் தோன்றும். கல்லை அகற்றாமல் பற்றவைக்க நேர்ந்தால், போரிக் அமிலத்தைச் சாராயத்தில் கரைத்துக் கல்லின் மீது பூசுவர். தீயில் சாராயம் எரிந்துவிட, எஞ்சும் போரிக் அமிலப் படலம் காற்றைத் தடுத்துக் கல்லைக் காக்கிறது. சூடான கல்லை உடனே நீரில் இடுவதும் விரிசலை உண்டாக்கலாம்.

மூடிய பதிப்பு நகைகளில் வைரம் நன்றாக இருந்தும் கல் மங்கித் தோன்றுவது உண்டு. ஈரமும், காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களும், உப்பும் உட்புகுந்து வெள்ளித் தகட்டைக் கறுக்கச் செய்வதே இதற்குக் காரணம். இராமேசுவரம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று மிகுதி ஆதலால் இதில் கூடுதல் கவனம் தேவை. நயினார்கோவில், பரமக்குடி போன்று கடலிலிருந்து விலகி அமைந்த ஊர்களிலும் வியர்வை, குளிக்கும் நீர், சீயக்காய், எண்ணெய் ஆகியவற்றால் இதே விளைவு ஏற்படலாம்.

சேத வகைகள்

- தெறிப்பு: விளிம்பிலிருந்து சிறு துண்டு பெயர்ந்து போதல்.
- மழுங்கல்: பட்டைகளின் கூரிய விளிம்புகள் தேய்ந்து வெண்மையாகத் தோன்றுதல்.
- அடித்தழும்பு: அடிபட்ட புள்ளியைச் சுற்றி வேர் போன்ற நுண் விரிசல்கள் பரவுதல்.
- இறகு விரிசல்: கல்லின் உட்புறம் செல்லும், இறகு போல் தோன்றும் விரிசல்.
- பிளவு: பிளவுத் தளத்தின் வழியே நேராகச் செல்லும் விரிசல். இதுவே மிகவும் ஆபத்தானது.
- வெந்த மேற்பரப்பு: தீயினால் ஏற்பட்ட வெண்படலம்.

மதிப்பீடு

பதிவு செய்தல்

எந்தப் பணிக்கும் முன்னர், நகையை இருக்கும் நிலையிலேயே முன்புறமும் பின்புறமும் படமெடுத்து, எடையிட்டு, கற்களுக்கு எண் இட்டு வரைபடம் தயாரிக்க வேண்டும். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது இப்பதிவின் படியொன்றில் பணிமனையாரின் கையொப்பம் பெறுவது இரு தரப்பினருக்கும் பாதுகாப்பாகும். கல் மாற்றப்பட்டதா, சேதம் முன்பே இருந்ததா என்ற ஐயங்கள் எழுந்தால் இப்பதிவே சான்றாக அமையும்.

கல்லின் அடையாளம்

அடுத்து, கல் உண்மையில் வைரமா என்பதை உறுதி செய்தல் வேண்டும். இலங்கையின் மாத்தறைப் பகுதியில் கிடைத்த நிறமற்ற சிர்க்கான் கற்கள் முற்காலத்தில் மாத்தறை வைரம் என்னும் பெயரில் விற்கப்பட்டன. கீழக்கரை வணிகர்கள் நெடுங்காலமாக இலங்கையுடன் மணிக்கல் வணிகம் செய்து வந்துள்ளதால், இப்பகுதி நகைகளில் இக்கல் இருக்கும் வாய்ப்பையும் கருத வேண்டும். சிர்க்கானை உருப்பெருக்கியால் சாய்வாகப் பார்த்தால் பின்புறப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். வைரத்தில் அவ்வாறு தெரியாது.

அமெரிக்கன் டைமண்ட் என வழங்கும் கனசதுர சிர்க்கோனியா 1976ஆம் ஆண்டளவில்தான் சந்தைக்கு வந்தது. எனவே 1920களில் செய்த தோட்டில் அக்கல் இருந்தால், அது பின்னர் மாற்றப்பட்டது என்று முடிவு செய்யலாம். வெப்பக் கடத்தலை அளக்கும் சிறு கருவிகள் இக்கல்லை வைரத்திலிருந்து எளிதில் பிரித்தறியும். ஆனால் 1990களின் இறுதியில் நகைகளில் இடம்பெறத் தொடங்கிய மொய்சனைட்டை அவை வைரம் என்றே காட்டக்கூடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வேதியியல் அடிப்படையில் வைரமே ஆதலால், அதனைக் கண்டறிய நிறமாலைக் கருவிகள் கொண்ட ஆய்வகம் தேவை. கோல்கொண்டா வைரங்கள் பலவற்றைப் போலவே, வளிமப் படிவு முறையில் வளர்த்த வைரங்களும் நைட்ரசன் அற்ற 2அ வகையைச் சேர்ந்தவை. எனவே இவ்வகையை மட்டும் கொண்டு ஒரு கல்லைப் பழைய இந்திய வைரம் எனக் கூற முடியாது.

சேதமும் இயல்பும்

கல்லை 10 மடங்கு உருப்பெருக்கியால் பல கோணங்களிலும் பார்க்க வேண்டும். பழைய வெட்டின் இயல்புகள் சிலவற்றைச் சேதம் எனத் தவறாகக் கொள்வது பொதுவாக நிகழ்கிறது. எடுத்துக்காட்டாக, பழைய சுரங்க வெட்டின் தட்டையான கீழ்முனை, மேலிருந்து பார்க்கும்போது கல்லின் நடுவில் ஒரு துளை போலத் தெரியும். நடுவிளிம்பில் பட்டை தீட்டாமல் விடப்பட்ட இயற்கைத் தோல் தெறிப்பு போலத் தோன்றும். பட்டைகள் சமச்சீரின்றி இருப்பது கையால் வெட்டியதன் அடையாளமாகும். இவற்றைச் "சரிசெய்ய" முற்பட்டால் கல் தன் காலத்தின் அடையாளத்தை இழந்துவிடும்.

உண்மையான விரிசல் எனில், அது மேற்பரப்பை எட்டுகிறதா, எவ்வளவு ஆழம் செல்கிறது, கல்லைப் பிடிக்கும் பொன் நகத்தின் அழுத்தம் அதன் மேல் விழுகிறதா என்பன குறிக்கப்பட வேண்டும். மூடிய பதிப்பில் கல்லின் பின்புறத்தைப் பார்க்க முடியாது ஆதலால், அங்கு தரப்படும் தெளிவுத் தரம் ஓர் உத்தேச மதிப்பே ஆகும்.

எடைக் கணக்கு

வைரத்தின் எடை காரட் அலகில் கூறப்படுகிறது. ஒரு காரட் 0.2 கிராம் ஆகும். அதன் நூறில் ஒரு பங்கு சென்ட் எனப்படும். பொன்னின் தூய்மையைக் குறிக்கும் காரட் வேறு, இது வேறு. கல்லைக் கழற்றாமலேயே வட்ட வெட்டு வைரத்தின் எடையைப் பின்வருமாறு மதிப்பிடலாம்:

எடை (காரட்) = விட்டம் × விட்டம் × உயரம் × 0.0061 (அளவுகள் மில்லிமீட்டரில்)

6.5 மில்லிமீட்டர் விட்டமும் 3.9 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட கல் இக்கணக்கின்படி ஏறத்தாழ 1.00 காரட் ஆகும். அதன் விளிம்பிலுள்ள தெறிப்பை நீக்க மறுபட்டை தீட்டி, விட்டம் 6.3, உயரம் 3.8 மில்லிமீட்டர் எனக் குறைந்தால் எடை 0.92 காரட்டாகிவிடும். விட்டத்தில் குறைந்தது 0.2 மில்லிமீட்டரே, எடையிலோ 8 விழுக்காட்டுக்கும் சற்றுக் கூடுதலாக இழப்பு ஏற்படுகிறது. மேலும் வைரத்தின் காரட் விலை முழு எண் எல்லைகளில் தாவி உயர்வதால், ஒரு காரட்டுக்குக் கீழே இறங்கிய கல்லின் விலை எடையிழப்பைவிடக் கூடுதலான விகிதத்தில் குறையலாம். சீரமைப்பின் பயன் இவ்விழப்பை ஈடுசெய்யுமா என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

சீரமைப்பு முறைகள்

குறைந்த தலையீட்டிலிருந்து கூடிய தலையீடு என்னும் வரிசையில் இம்முறைகள் கீழே தரப்பட்டுள்ளன.

அப்படியே விடுதல்: வெறுங்கண்ணுக்குத் தெரியாததும், மேலும் பரவும் வாய்ப்பு அற்றதுமான சிறு தெறிப்பை விட்டுவிடுவதே பெரும்பாலும் சிறந்தது.

பிடிப்பைச் சீர்செய்தல்: தேய்ந்த பொன் நகங்களுக்குப் பொன் சேர்த்து வலுவூட்டலாம். கல்லைச் சற்றுத் திருப்பி, தெறித்த இடம் நகத்தின் அடியில் மறையுமாறு பதிக்கலாம். ஆனால் அவ்விடத்தில் அழுத்தம் மிகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லேசர் பற்றவைப்பு வெப்பத்தை ஒரு புள்ளியில் மட்டும் செலுத்துவதால் பழைய நகைகளுக்கு ஏற்றது.

தகடு மாற்றுதல்: மூடிய பதிப்பில் கறுத்த வெள்ளித் தகட்டை அகற்றிப் புதிய தகடு வைத்தால், வைரத்தைத் தொடாமலேயே பழைய ஒளி மீளும். ஆயினும் பதிப்பைத் திறந்து மூடுவதற்கு இக்கலையில் பயிற்சியுள்ள பொற்கொல்லர் தேவை.

மறுமெருகு: மழுங்கிய விளிம்புகளையும் வெந்த மேற்பரப்பையும், வைரத்தூளும் எண்ணெயும் தடவிய சுழலும் இரும்புத் தட்டில் மெல்லத் தேய்த்துச் சீராக்கலாம். எடையிழப்பு குறைவாகவே இருக்கும்.

மாற்றுக்கல் பதித்தல்: கல் விழுந்துவிட்டாலோ இரண்டாகப் பிளந்தாலோ வேறு கல் பதிக்க நேரும். ஏழுகல் தோட்டில் இது எளிதன்று. ஒரே அளவுள்ள ஏழு வட்டங்களில் ஒன்றை நடுவில் வைத்தால் மற்ற ஆறும் அதனையும் ஒன்றையொன்றும் தொட்டு நிற்கும் என்பது வடிவியல் உண்மை. அவற்றில் ஒன்று சற்றுச் சிறியதானாலும் இடைவெளி தெரிந்துவிடும். விட்டம் மட்டுமன்றி வெட்டு, நிறம், ஒளிர்வு ஆகியனவும் பொருந்த வேண்டும். ப்ளூ ஜாகர் கற்களுக்கு நடுவில் ஒளிர்வற்ற புதுக்கல்லை வைத்தால், பகல் வெளிச்சத்தில் அது தனித்துத் தெரியும். கழற்றிய கல்லை, உடைந்ததாயினும், உரிமையாளரிடம் ஒப்படைத்தல் முறையாகும்.

விரிசல் நிரப்புதல்: மேற்பரப்பை எட்டும் விரிசல்களில் ஈயம் கலந்த கண்ணாடியைச் செலுத்தி மறைக்கும் முறை 1980களில் வழக்குக்கு வந்தது. கல்லை அசைத்துப் பார்க்கும்போது விரிசலில் செம்மஞ்சள், ஊதா, நீலம் போன்ற நிறங்கள் பளிச்சிடுவது இதன் அடையாளம். இது நிலையான சீரமைப்பு அன்று. ஊதுகுழல் வெப்பத்தில் இந்நிரப்பு கெட்டுவிடும். அமெரிக்க மணிக்கல்லியல் கழகம் இவ்வாறு நிரப்பப்பட்ட வைரங்களுக்குத் தரச் சான்றிதழ் வழங்குவதில்லை.

மறுபட்டை தீட்டுதல்: பிளவு பரவும் நிலையில் உள்ளபோதும், பெரிய தெறிப்பு கல்லின் பிடிப்பைக் கெடுக்கும்போதும் மட்டுமே இம்முறையை நாடலாம். இதன்பின் முந்தைய நிலைக்குத் திரும்ப வழியில்லை.

மறுபட்டை குறித்த கருத்து வேறுபாடுகள்

புகழ்பெற்ற இந்திய வைரங்கள் பல மறுபட்டையினால் உருமாறியுள்ளன. கோகினூர் வைரம் 1852இல் இலண்டனில் மறுபட்டை தீட்டப்பட்டபோது, ஏறத்தாழ 191 காரட்டிலிருந்து 105.6 காரட்டாகக் குறைந்தது. நாசிக் அருகிலுள்ள திரிம்பகேசுவரர் கோயிலுக்குரியதாக இருந்து 1818இல் ஆங்கிலேயர் வசமான நாசக் வைரம், இருமுறை வெட்டப்பட்டது. 1940இல் நடந்த கடைசி வெட்டுக்குப் பின் அதன் எடை 43.38 காரட் ஆகும். இது தொடக்க எடையில் பாதிக்கும் குறைவு. இவ்விரு நிகழ்வுகளிலும் கூடுதல் ஒளியும் அக்கால நாகரிக வடிவமுமே நோக்கமாக இருந்தன.

சேதத்தை நீக்குவதற்காகச் செய்த மறுபட்டைக்கு அண்மைக் கால எடுத்துக்காட்டு விட்டல்சுபாக் நீல வைரம் ஆகும். இந்தியாவில் கிடைத்ததாகக் கருதப்படும் இக்கல்லை, 2008 திசம்பரில் இலண்டன் ஏலத்தில் 16.4 மில்லியன் பவுண்டுக்கு லாரன்சு கிராஃப் வாங்கினார். அதன் நடுவிளிம்பில் தெறிப்புகளும் தழும்புகளும் இருந்தன. அவற்றை நீக்கியதில் எடை 35.56 காரட்டிலிருந்து 31.06 காரட்டாகக் குறைந்தது. நிறத் தரமும் தெளிவுத் தரமும் உயர்ந்தன. கல்லின் அழகு மீட்கப்பட்டது என ஒரு சாராரும், நூற்றாண்டுகள் பழமையான வெட்டும் அதன் வரலாற்றுச் சான்றுகளும் அழிக்கப்பட்டன என மற்றொரு சாராரும் கருதினர்.

இவ்விவாதம் பெரிய கற்களுக்கு மட்டும் உரியதன்று. பழைய வெட்டில் அமைந்த கற்களை அவற்றின் வடிவத்துக்காகவே விரும்பி வாங்குவோர் இன்று உள்ளனர். அத்தகைய கல்லைப் புதிய வட்ட வெட்டாக மாற்றினால், எடையோடு இவ்வகை மதிப்பும் குறையக்கூடும். நகையைக் கலைத்துப் பொன்னை எடைக்கும் கற்களைத் தனியாகவும் விற்கும்போதும் இதுவே நிகழ்கிறது.

சான்றிதழும் வெளிப்படுத்தலும்

இந்தியாவில் 2021 சூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஆல்மார்க் முத்திரை, பொன்னின் தூய்மைக்கு மட்டுமே சான்றாகும். நகையிலுள்ள வைரத்தின் தரத்தையோ உண்மைத் தன்மையையோ அது குறிப்பதில்லை. குந்தன், போல்கி, சடாவ் வகை நகைகளுக்கு இம்முத்திரையிலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது. ஆகவே கல்லுக்குத் தனியே ஆய்வக அறிக்கை பெறுதல் வேண்டும். சீரமைக்கப்பட்ட நகையை விற்கும்போது மறுபட்டை, நிரப்பு, மாற்றுக்கல் ஆகியவற்றை வாங்குபவருக்குத் தெரிவித்தல் வணிக நெறியாகும். மதிப்பீடு செய்பவரும் நகையை விலைக்குக் கேட்பவரும் ஒருவராக இல்லாதிருத்தல் நன்று.

பராமரிப்பு

- ஒவ்வொரு வைர நகையையும் தனித்தனி மென்துணிப் பையில் வைத்தல் வேண்டும்.
- திறந்த பதிப்பு நகைகளை, கற்களில் விரிசலோ நிரப்போ இல்லையெனில், இளஞ்சூட்டு நீரிலும் மென்மையான சவர்க்காரத்திலும் மென்தூரிகை கொண்டு கழுவலாம்.
- மூடிய பதிப்பு நகைகளை நீரில் நனைத்தல் கூடாது. உலர்ந்த மென்துணியால் துடைத்தலே போதும்.
- அரக்கு நிரப்பிய நகைகளை வெந்நீரில் இடலாகாது. நீர் கொதிப்பதற்கு முன்பே அரக்கு இளகிவிடும்.
- விரிசலோ நிரப்போ உள்ள கற்களுக்கு மீயொலித் துப்புரவுக் கருவியைப் பயன்படுத்துதல் கூடாது.
- ஆண்டுக்கொரு முறை பொன் நகங்களின் பிடிப்பைச் சோதிக்க வேண்டும். காதருகே வைத்து மெல்லத் தட்டும்போது ஒலி கேட்டால் கல் தளர்ந்துள்ளது என அறியலாம்.